ராத்திரிக் கணக்கும் வருஷக் கணக்கும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற சாலையில் இருக்கிறது ஆமத்தூர். பங்குனி பிறந்துவிட்டால் இந்தச் சாலையின் இரு முனையிலும் கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். சிவகாசியில் மாரியம்மனுக்குப் பங்குனியிலும் பத்திரகாளியம்மனுக்குச் சித்திரையிலும் பொங்கல். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி. நடுவில் கிடக்கும் கிராமங்களின் காளியம்மனும் முத்தாலம்மனும் மிச்சமிருக்கிற செவ்வாய்க்கிழமைகளைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். இந்த இரண்டு மாதத்தில் நையாண்டி மேளமோ கரகாட்டமோ பேச வருகிற விழாக் கமிட்டிக்காரர் வாயிலிருந்து தவறாமல் வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு: “ஒரு ராத்திரிக்கா இவ்வளவு?” பட்டாசு ஆலையில் நாள் முழுக்க மருந்தோடு மல்லுக்கட்டுகிறவர் சனிக்கிழமை எண்ணி வாங்குகிற கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அப்படிப் பக்கத்தில் வைப்பதே கோணல். ஆலைக் கூலி வாரந்தோறும் வருவது. மேளக்காரர் கூலி அம்மன் கொடியேறும் நாட்களில் மட்டும் வருவது. கரிசல் காட்டு இசைக்காரரின் வரவைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டினால் ஒரு விஷயம் பிடிபடும்: ராத்திரிக் கூலி ஏறிய ஒவ்வொரு கட்டத்திலும், வருஷத்துக்கென்று இருந்த ஏதாவது ஒரு பிடி கழன்றிருக்கிறது. இசைக்காரர் என்ன சம்பாதிக்கிறார் என்பதை ராத்திரியை வைத்து அளந்தால் எப்போதும் தப்பான விடைதான் கிடைக்கும்.

வருஷக் கூலி என்றால் எப்படி இருக்கும் என்பதைக் காவிரிக் கரையில் பார்க்கலாம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட ஆடல் மகளிர் 400 பேரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர், பாடினவர், கொட்டினவர் என்று ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்று கல்வெட்டில் பட்டியலே இருக்கிறது. அதோடு நிற்கவில்லை, பங்கு பெற்றவர் இறந்துபோனால் அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளைப் போட வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். சம்பளம், குடியிருப்பு, வாரிசு வேலை மூன்றும் ஒரே கல்லில். எத்தனை நாள் ஆடினாய், எத்தனை நாழிகை கொட்டினாய் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. சிலப்பதிகாரத்து மாதவிக்கோ ஒரே அரங்கேற்றத்தில் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறுமான மாலை. இலக்கியத்துக்கு ஒரு ராத்திரிப் பரிசுதான் ருசி. கல்வெட்டுக்கு வருஷக் கணக்குதான் வேலை. கலைஞர் வருமானம் என்றதும் நமக்கு முதலில் மாதவியின் மாலை நினைவுக்கு வருகிறதே, அங்கேதான் கமிட்டிக்காரர் கேள்வியின் வேரும் இருக்கிறது.

கரிசலில் காவிரி இல்லை. வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும்தான் வெள்ளாமை. பெரிய கோயில் இருந்த ஊர்களை விட்டால், மேளக்காரருக்கு மானிய நிலம் எழுதிவைக்கும் வசதி இங்கே எந்தத் தேவதைக்கும் கிடையாது. ஆனாலும் இங்கே ஒரு வருஷக் கூலி இருந்தது: களத்து மேட்டில் அளக்கிற தானியம். சாவுக்கும் சாமிக்கும் தண்டோராவுக்கும் கொட்டு அடிக்கிறவருக்கு அறுவடைக்கு அறுவடை இத்தனை மரக்கால் என்று ஊர் அளந்து போட்டது. அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமூச்சோடு எனக்கு உடன்பாடில்லை. களத்துத் தானியம் சாதியோடு கட்டிப்போட்ட தானியம். கூப்பிட்ட சாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை வாங்குகிறவருக்குக் கிடையாது. கூலி குறைவு என்று சொல்லும் உரிமையும் கிடையாது. மகன் வேறு வேலைக்குப் போவதென்றால் ஊர் முகம் சுளிக்கும். கொட்டு அடிக்க மாட்டோம் என்று 20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் தலித் மக்கள் பறையைக் கீழே வைத்தது அதனால்தான், அது நியாயமும்கூட. என் வாதத்துக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் அறுத்தெறிந்தது அடிமைத்தனத்தை. அதோடு சேர்த்து வருஷக் கூலியும் போயிற்று. அதற்குப் பதிலாக வேறொரு வருஷ ஏற்பாட்டை யாரும் கொண்டுவரவில்லை. கோயில் மானியங்களும் இதே வழியில்தான் போயின. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் நிலங்களை ரயத்துவாரியாக மாற்றியது. நிலம் யாருக்கு என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை உண்டு.

தானியம் போய்க் காசு வந்த கதை இந்த வட்டாரத்தில் வணிகப் பேட்டைகளோடு தொடங்குகிறது. விருதுபட்டி என்று இருந்து 1923இல் விருதுநகர் ஆன ஊரிலும் சிவகாசியிலும் நாடார் வணிகர்கள் தங்கள் சரக்கின் மீது தாங்களே போட்டுக்கொண்ட வரிக்கு மகமை என்று பெயர். அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது, கிணறு வந்தது, அம்மனுக்குத் திருவிழாவும் வந்தது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய கதை எல்லாரும் அறிந்தது. அந்தக் காலத்தில் திருவிழாவும் ஊர்வலமும் வெறும் பக்தி சமாசாரமாக இருக்கவில்லை. எந்தத் தெரு வழியாக யார் ஊர்வலம் போகலாம், அதன் முன்னால் என்ன வாத்தியம் முழங்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டுத் தென் மாவட்டங்களில் கோர்ட்டுப் படி ஏறிய விவகாரம். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1897இல் தொடங்கி 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில்தான் முடிந்தது. நடுவே 1899இல் சிவகாசிக் கலவரம். அப்படிப்பட்ட நாட்களில் மேளம் வைப்பது ஒரு சமூகம் தன்னை நிமிர்த்திக் காட்டுகிற காரியம். எதிர்த் தெருவைவிட ஒரு தவில் கூட வேண்டும். மேளக்காரருக்கு இதனால் கூலி ஏறியிருக்குமே என்றால், ஏறியிருக்கும். ஆனால் அவரைக் கூப்பிட்டது கௌரவம். கௌரவம் ஆண்டுக்கு ஒரு தடவை, பத்து நாள் மட்டும் கூப்பிடும். கூலி கொடுப்பது தனி ரசிகர் கிடையாது, ஊர்ப் பொதுப் பணம். கிராமங்களில் அது தலைக்கட்டு வரி. பந்தல், சீரியல் விளக்கு, அன்னதானம், வாணவேடிக்கை எல்லாவற்றுக்கும் ஒதுக்கியது போக மேளத்துக்கு எவ்வளவு என்பதுதான் பேரம். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. வாசிப்பு எப்படி என்பதைவிட வரி எவ்வளவு எழுந்தது என்பதே மேளக்காரர் கூலியைத் தீர்மானிக்கிறது.

ராத்திரிக்கு இவ்வளவு என்று தனி ஆளுக்கு விலை பேசும் வழக்கத்தை இந்தப் பக்கத்தில் வேரூன்ற வைத்தது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் எல்லா நடிகருக்கும் மனப்பாடம். அதனால் ஒரு கம்பெனியாகச் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து ரயிலேறி வந்து, மேடையில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், சலங்கையும் தாளமும் சில்லறைச் சத்தங்களும் போடுகிற ஆல்ரவுண்டுக்காரர் எல்லாரையும் தனித்தனியாகத்தான் பேச வேண்டும். மதுரையின் நாடக நடிகர் சங்கமும் ஏஜெண்டுகளும் இந்தச் சந்தைக்கு நடு. கம்பெனி நாடகத்தில் கசையடி உண்டு, சோறும் உண்டு, மாசச் சம்பளமும் உண்டு. ஸ்பெஷலில் அவை மூன்றுமே கிடையாது, தேதி உண்டு. ‘இந்த மாசம் எத்தனை தேதி?’ என்று கேட்டுக்கொள்வது அந்தத் தொழிலின் குசலம் விசாரிப்பு. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியத்தில் கை வைத்தவர் விடிய விடிய எடுக்க முடியாது. மேடையில் பபூன் சொதப்பினாலும் சமாளிப்பது அவர், ராஜபார்ட்டுக்குச் சுருதி தப்பினாலும் தாங்குவது அவர். சம்பளத்திலும் சுவரொட்டியிலும் ராஜபார்ட்டுக்குப் பின்னால் நிற்பவரும் அவரே.

தேதி இல்லாத நாளில் என்ன ஆகும் என்பதற்குச் சிவகாசி மண்ணே ஒரு சாட்சியைத் தந்திருக்கிறது. 1886இல் சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ், ஸ்பெஷல் நாடக மேடையின் பெரிய பாடகர்களில் ஒருவர். தென் மாவட்டங்களில் மேளமும் வாசித்த மருத்துவர் குலத்தவர். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடுவார். போலீஸ் மேடையடியில் காத்திருக்கும். பலமுறை சிறைக்குப் போனார். அந்த நாட்டுப்பற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் வரவு செலவைப் பற்றி எழுதியது குறைவு. கம்பெனி நடிகர் சிறைக்குப் போனால் கம்பெனியாவது குடும்பத்துக்கு ஏதாவது கொடுக்கலாம். ராத்திரிக்கு ராத்திரி தன்னை விற்கிறவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் அடுப்பு எரியாத நாள். அவரைக் கடன் கடைசிவரை விடவில்லை என்கிறார்கள் அவரைப் பற்றி எழுதியவர்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மயில் மேல் முருகனாக வீற்றிருந்தபடி பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. மேடையில் சாவது கலைஞனுக்குப் பெரும்பேறு என்று சொல்வது நம் வழக்கம். 54 வயதில், கடனோடு, ஆண்டின் கடைசி ராத்திரியிலும் மேடையேற வேண்டியிருந்தது என்றும் அதைச் சொல்லலாம்.

இதற்கிடையே கரிசலின் பொருளாதாரம் அடியோடு மாறிக்கொண்டிருந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அடுத்த ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டி. இரண்டாம் உலகப்போரை ஒட்டி இறக்குமதி தடைப்பட்டபோது பட்டாசு. கூடவே அச்சகம். மழை பொய்த்தால் கஞ்சியும் பொய்த்த ஊர்களில், வாரக் கூலி கையில் புரளத் தொடங்கியது. கையில் காசு இருந்தால் தலைக்கட்டு வரி தங்காமல் வசூலாகும். வரி வசூலானால் திருவிழா மூன்று நாளிலிருந்து ஐந்து நாளாகும். சாத்தூர் பிச்சைக்குட்டியின் வில்லிசைக்கும், கோவில்பட்டியிலிருந்து வந்த நாதசுரத்துக்கும் இந்த வட்டாரம் நல்ல களமாக இருந்ததற்கு அம்மன் அருளோடு தீக்குச்சிக்கும் பங்கு உண்டு.

கோவில்பட்டி நாதசுரம் என்றதும் ஒரு மறுப்பு எழும். காருகுறிச்சி அருணாசலம் ராத்திரிக் கூலியில்தானே பேரும் பொருளும் பெற்றார்? திறமை இருந்தால் வருஷக் கணக்கெல்லாம் எதற்கு? வலுவான மறுப்புதான். 1921இல் நெல்லைச் சீமைச் சிற்றூரில் பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, கோவில்பட்டியில் வீடு கட்டி வாழ்ந்தார். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை அவர் வாசிப்பைச் சினிமாக் கொட்டகைக்குள் கொண்டுபோனது. அவர் தேதி கிடைத்த பிறகு கல்யாணத் தேதியைக் குறித்த வீடுகள் உண்டு என்பார்கள். ஆனால் அந்த உதாரணம் எதை நிரூபிக்கிறது? முகூர்த்த நாள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரே நாளில் இரண்டு ஊரில் அவரும் வாசிக்க முடியாது. அவர் ஏற்க முடியாத தேதிகள் அடுத்த தட்டுக்காரருக்குப் போகும் என்று நினைத்தால், பாதிதான் போயிற்று. காரணம் வானொலி. ‘வானொலிப் புகழ்’ என்ற சொல் திருவிழா நோட்டீஸில் ஏறியது இந்தக் காலத்தில்தான். அகில இந்திய வானொலி கலைஞர்களைத் தேர்வு வைத்துத் தரம் பிரித்தது. 1963இல் திருநெல்வேலிக்கும் நிலையம் வந்தது. வானொலி கொடுத்த தொகை சிறிது. அது கொடுத்த தரம், வெளியே பேசும் ராத்திரிக் கூலியைத் தூக்கியது. தரம் இல்லாதவர் கூலி இருந்த இடத்திலேயே கிடந்தது. காருகுறிச்சியார் 1964இல், 43 வயது நிறையுமுன் போய்ச் சேர்ந்தார். உச்சியில் இருந்தவரை வைத்து ஒரு தொழிலின் வரும்படியை மதிப்பிடுவது, தேர்க்கலசத்தின் பித்தளையைப் பார்த்து வடம் பிடிக்கிறவரின் சொத்தைக் கணக்கிடுகிற மாதிரி.

உண்மையான போட்டி அடுத்த வித்வானிடமிருந்து வரவில்லை. குழாய் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வந்தபின் மௌனப்படக் கொட்டகைகளில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு வேலை போயிற்று. காமராஜர் ஆட்சியில் கிராமங்களுக்குக் கரண்டு போனபின் கல்யாண வீட்டு வேப்பமரத்தில் குழாய் ஏறியது. முந்தின நாள் பொழுது சாய்வதிலிருந்து மறுநாள் பந்தி முடிகிறவரை இருந்த மேளக்காரர் வேலையில் முக்கால் பங்கை மைக் செட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். மேளத்துக்கு மிஞ்சியது மாப்பிள்ளை அழைப்பும் கெட்டிமேளமும். இதே இடி அமெரிக்காவிலும் விழுந்தது. பேசும் படம் வந்ததும் அங்கே கொட்டகை வாத்தியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். ஜேம்ஸ் பெட்ரில்லோ என்பவர் தலைமையில் இருந்த அவர்களின் சங்கம் 1942 ஆகஸ்டிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இசைத்தட்டுக்கே வாசிக்க மறுத்தது. 1948இல் மறுபடியும் மறுத்தது. கடைசியில் இசைத்தட்டு விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கு ஒரு பொது நிதிக்குப் போகும், அந்த நிதி நேரில் வாசிக்கிறவர்களுக்குக் கூலி கொடுத்து இலவசக் கச்சேரிகள் நடத்தும் என்று ஏற்பாடாயிற்று. இயந்திரத்தின் லாபத்திலிருந்து நேரில் வாசிப்பவருக்கு வருஷப்படி! நம் ஊர்க் குழாய் ஸ்பீக்கர் ஒரு சல்லிக்காசு அப்படிக் கொடுத்ததில்லை. கேட்பதற்கு அப்படி ஒரு சங்கமும் நம்மிடம் இருக்கவில்லை.

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். ஒரு நையாண்டி மேளச் செட்டு என்றால் இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். எட்டுப் பேர். கணக்கு விளங்குவதற்காக ஒரு ராத்திரிக்கு 24,000 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். கமிட்டிக்காரர் கண்ணுக்குத் தெரிவது இந்தத் தொகை. வேன் வாடகைக்கு 5,000 ரூபாய், தேதி பிடித்துக் கொடுத்த ஏஜெண்டுக்கு 2,500 ரூபாய் போனால் மிச்சம் 16,500. செட்டு நடத்துகிற பெரிய நாதசுரத்துக்கு ஒன்றரைப் பங்கு, அடுத்த நாதசுரத்துக்கு ஒன்று, தவில் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்றேகால், பம்பைக்கும் உறுமிக்கும் ஒவ்வொன்று, தமுக்குக்கு முக்கால், தாளத்துக்கு அரை என்று பிரித்தால் மொத்தம் எட்டேகால் பங்கு. ஒரு பங்குக்கு 2,000 ரூபாய் விழும். தாளக்காரர் விடிய விடியத் தட்டியது ஆயிரம் ரூபாய்க்கு. வருஷத்துக்கு 60 தேதி கிடைக்கிற செட்டு என்று கொண்டால் முழுப் பங்குக்காரருக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்; மாசத்துக்குப் பிரித்தால் 10,000. தாளக்காரருக்கு 5,000. இதற்குள்தான் கருவிச் செலவும். நாதசுரத்துக்குச் சீவாளி அடிக்கடி மாற்ற வேண்டும். நாணலில் செய்கிற அந்தச் சின்னப் பொருள் நல்லதாக அமையாவிட்டால் எவ்வளவு பெரிய மூச்சும் பாழ். தவிலுக்குப் பலாக்கட்டை ஒரு தலைமுறைக்கு வரும், தோல் வராது. தெரிந்த கையால் வார் பிடிக்க வேண்டும். வலக்கை விரல்களுக்குக் கூடு கட்டிக்கொள்ள வேண்டும். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதசுரம் வாங்குவதென்றால் முன்கூட்டியே சொல்லிவைத்துக் காசு சேர்க்க வேண்டும். கமிட்டிக்காரர் கேட்ட 24,000 ரூபாய்க் கேள்விக்கு, தாளக்காரரின் மாசம் 5,000 என்பதே பதில். தொகைகளை நீங்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பிரியும் விதம் மாறாது.

அன்பளிப்பை மறந்துவிட்டீரே என்பார்கள். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் தவில்காரர் சட்டையில் ஊர்ப் பெரியவர் நோட்டைக் குத்துவதும், மைக்கில் அவர் பெயர் முழங்குவதும் உண்மைதான். அந்த நோட்டு பெரும்பாலும் கரகம் ஆடுகிறவருக்கும் முன்வரிசைத் தவிலுக்கும் போகும். பின்னால் நிற்கிற உறுமியைத் தேடி வராது. சில செட்டுகளில் அதையும் பொதுவில் போட்டுப் பிரிப்பார்கள். கொடுக்கிறவர் மனம்போல் வருவதை வரும்படியாக எண்ணி யாரும் பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியாது. இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடப் பழையது: ‘வாங்குகிறதையெல்லாம் குடித்தே அழித்துவிடுவான்.’ குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விடிய விடிய நின்று வாசிக்கும் தொழில் அந்தப் பழக்கத்துக்கு வழியும் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் குடிக்காத மேளக்காரர் வீட்டிலும் புரட்டாசியில் நகை அடகுக்கடையில்தான் இருக்கிறது. காரணம் காலண்டரில் தொங்குகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது; இருக்கன்குடி மாரியம்மன் கடைசி வெள்ளியும் சில கொடை விழாக்களும் கைகொடுக்கும். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசராக் குழுக்கள் கூப்பிட்டால் உண்டு. மார்கழியில் ஒன்றும் இல்லை. பங்குனியில் ஒரே செவ்வாய்க்கிழமைக்கு நாலு ஊர் வந்து நிற்கும்; ஒன்றைத்தான் ஏற்க முடியும். கூலி ஏறுகிற அதே நாளில்தான் வேலையைப் பெருக்க வழியில்லை.

அந்த ராத்திரியும் இப்போது முழு ராத்திரி இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. 2010 திருத்தத்தில் இசைக் கருவிகளும் அந்தத் தடைக்குள் வந்தன. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். தூங்க வேண்டியவர்களும் நோயாளிகளும் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். விதியின் நியாயத்தை மறுக்க முடியாது. பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடிவதற்கென்றே செய்த ஒரு கலைக்கு அது என்ன செய்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் திருவிழாக் காலம்தோறும் மனுக்கள் போகின்றன. அனுமதி வருமா வராதா என்பது கடைசி நேரம்வரை தெரியாத ஊரில், மேளக்காரர் வாங்கிய தேதியும் அந்தரத்தில்தான் தொங்கும். 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்தபோது பங்குனி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்கு மறுபடி தடை. ஆலைத் தொழிலாளிக்கு ஊரடங்கில் போனது சில வாரக் கூலி. மேளக்காரருக்கு இரண்டு வருஷத் திருவிழா வரவில் பெரும்பகுதி போயிற்று. ராத்திரிக் கூலியை மட்டும் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள், அந்த இரண்டு வருஷத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்திருக்கலாம்.

வருஷக் கணக்கை அரசு அறவே மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இல் நல வாரியம் வந்தது. நலிந்த கலைஞர்களுக்குக் கொடுக்கும் உதவி 2021இல் மாதம் 3,000 ரூபாய் ஆயிற்று. ஆனால் அது முதுமையில், கை ஓய்ந்த பிறகு, நலிந்துவிட்டேன் என்று மனுப்போட்டு வாங்குவது. வாசிக்கிற வயதில் இருப்பவரின் வருஷத்தை நிரப்புவதற்கு ராஜராஜன் காலத்து நூறு கலமும் திரும்பாது, களத்து மேட்டுத் தானியம் திரும்பவும் கூடாது. கமிட்டிக்காரர் கையில் இருப்பது ஒரு சின்ன வழிதான். தேதி பேசும்போது வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுக்கிற அட்வான்ஸ் இன்றைக்குப் பல ஊர்களில் பேசிய தொகையில் ஒரு சிறு துண்டு. அனுமதி கிடைக்கவில்லை, ஊரில் சாவு விழுந்துவிட்டது, மழை வந்துவிட்டது என்று விழா நின்றுபோனால் அதையும் திருப்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பந்தல்காரருக்குக் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்த ராத்திரிக்காக மேளக்காரர் மற்ற மூன்று ஊர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆமத்தூர்ப் பக்கத்துக் கமிட்டிக்காரர்கள் இந்தப் பங்குனிக்கு வரி எழுதும்போது, பேசிய தொகையில் பாதியை மாசியிலேயே கொடுத்துவிடுங்கள். விழா நின்றாலும் அந்தப் பாதியைத் திருப்பிக் கேட்காதீர்கள்.